கீபோர்டைத் தொடாத கை

ஜூலை 3, மாலை

வந்த கேள்வி இது: “முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் எடுத்து எடுத்துச் சலித்துவிட்டது. பாதிப் பேருக்கு வரும், பாதிப் பேருக்கு வராது. யாருக்கு வராது என்று மூன்றாவது வாரமே சொல்லிவிடலாம். வராதவனுக்கு எக்ஸ்ட்ரா கிளாஸ் வைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. இல்லை என்பவர் உண்டா?”

உண்டு, நான். இதே வசனத்தை ஸ்டாஃப் ரூமில் நானும் பேசியிருக்கிறேன்.

2006-ல் இங்கிலாந்தில் தெஹ்னாதி, போர்னாட் இருவரும் ஒரு கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். முதல் வகுப்புக்கு முன்பே ஒரு சின்னத் தேர்வு வைத்தால் போதும், யார் தேறுவார் யார் தேறமாட்டார் என்று பிரித்துவிடலாம் என்பது அதன் சாரம். வகுப்பு மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டால் ஒட்டகத்துக்கு இரட்டைத் திமில் இருப்பதுபோல இரண்டு மேடு தெரியும் என்றார்கள். வாத்தியார்களுக்கு இனித்தது. நம் மேல் தப்பில்லை என்று சொல்கிற எதுவும் இனிக்கத்தானே செய்யும். 2014-ல் போர்னாட்டே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கட்டுரை ஓடிய தூரத்தில் பாதிகூட மறுப்பு ஓடவில்லை.

2016-ல் கனடாவில் ஒரே பல்கலைக்கழகத்தின் 778 மதிப்பெண் பட்டியல்களை எடுத்துச் சோதித்தார்கள். இரட்டை மேடு என்று சொல்லத்தக்கவை 5.8 சதவீதம். அதே குழு செய்த இன்னொரு வேலைதான் எனக்கு உறைத்தது. இரண்டு விதமாகவும் பார்க்க இடம் தரும் வரைபடங்களை ஆசிரியர்களிடம் காட்டினார்கள். ‘இது பிறவியிலேயே வரவேண்டும்’ என்று நம்புகிறவர்களின் கண்ணுக்குத்தான் அதில் இரண்டு திமில் அதிகமாகத் தெரிந்தது.

ஜூலை 4

நேற்றுக் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். கேள்வி கேட்டவர் கண்டதைத்தானே சொன்னார்? தோற்பது நிஜம். 2007-ல் பென்னட்சன், காஸ்பர்சன் பல நாட்டுக் கல்லூரிகளிடம் கேட்டுத் திரட்டியபோது முதல் புரோகிராமிங் பாடத்தில் தோற்பவர் 33 சதவீதம் என்று வந்தது. அதே ஆட்கள் 2019-ல் மறுபடி கேட்டார்கள்: 28. மூன்றில் ஒருவர், அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. பாதி இல்லை. ஆனால் சின்ன எண்ணும் இல்லை.

அதைவிடக் கசப்பான கணக்கு ஒன்று உண்டு. 2001-ல் மெக்ராக்கன் தலைமையில் ஒரு குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் பாடத்தை முடித்த 216 மாணவர்களுக்கு ஒரு சாதாரணக் கால்குலேட்டர் மாதிரியான வேலையைக் கொடுத்தது. 110-க்குச் சராசரி 23-ஐத் தொடவில்லை. பாதிக்கு வரும் பாதிக்கு வராது என்ற கதை இதற்கு எந்த விளக்கமும் தராது. பெரும்பாலோருக்கு வரவில்லை. அப்படியானால் கோளாறு பிள்ளைகளிடம் மட்டும் இருக்க முடியாது.

ஜூலை 6, ஞாயிறு. நீளமாகப் போகும், பொறுமை இருப்பவர் படிக்க

லேபில் நான் செய்துகொண்டிருந்த உதவி என்ன என்று நேர்மையாக எழுதிப் பார்க்கிறேன்.

கை தூக்குவார்கள். போவேன். தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்ப்பேன். “அட, இங்க பாரு” என்று கீபோர்டை என் பக்கம் இழுப்பேன். நாலு தட்டு. ரன். ஓடும். “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது மேடம்.” அடுத்த கை. இரண்டு மணி நேரத்தில் முப்பது பேரைப் பார்த்துவிடலாம். சுறுசுறுப்பான ஆள் என்று பேர் வேறு. பரீட்சையில் அந்த முப்பது பேரும் அதே இடத்தில் விழுவார்கள்.

கீபோர்டைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்த வாரம் ஒரு பையன் கூப்பிட்டான். கொடுத்த கணக்கு பழையது, 1980-களில் சோலோவே என்பவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது: எண்களை ஒவ்வொன்றாக வாங்கு, 99999 வந்தால் நிறுத்து, சராசரியைச் சொல். கேட்க ஒன்றுமில்லை. ஆனால் இதில் கால் இடறாத வகுப்பை நான் பார்த்ததில்லை. ஒருவன் 99999-ஐயும் சேர்த்துக் கூட்டிவிடுவான், இன்னொருத்தி எண்ணிக்கையில் ஒன்று தப்புவாள்.

இவன் 10, 20, 30 கொடுத்துவிட்டு 99999 அடித்தான். சராசரி 20 வரவேண்டும். வந்தது 10.

“கம்ப்யூட்டர் தப்பா வகுக்குது மேடம்.”

லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள் பார்த்தேன். ‘டோட்டல் = நம்பர்’. கூட்டல் குறியே இல்லை. விரல் துறுதுறுத்தது, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, “ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் டோட்டல்ல என்ன இருக்கும், எழுது” என்றேன். யோசிக்காமல் எழுதினான்: 10, 30, 60.

“ரெண்டாவதுல 30 எப்படி வந்துச்சு?”

“பத்தும் இருபதும் முப்பது.”

“கூட்டுன்னு எங்க சொல்லியிருக்க?”

ஏதோ அசட்டுக் கேள்வி கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “டோட்டல்னுதானே மேடம் பேர் வச்சிருக்கேன்?”

இத்தனை வருஷத்தில் எத்தனை பேருடைய புரோகிராமில் அந்த வரியை நானே திருத்தியிருப்பேன்! ஒருத்தரிடம்கூடக் கேட்டதில்லை. அவன் கவனக்குறைவாக விட்டிருக்கிறான் என்று நினைத்துத் திருத்தினேன். அவனோ பெயரைப் பார்த்து மிஷின் புரிந்துகொள்ளும் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். 1986-ல் ராய் பீ என்பவர் இதைத்தான் எல்லாத் தப்புக்கும் மூலத் தப்பு என்று எழுதினார்: மிஷினுக்குள் நம் மனதைப் படிக்கிற ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாகப் புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கட்டுரையை நான் படித்திருந்தேன். ஆளை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

“சரி, டோட்டல் வேண்டாம். அந்தப் பேரை எடுத்துட்டுப் பூனைன்னு வை. இப்ப எழுது.”

சிரித்தான். ‘பூனை = நம்பர்’. முதல் கட்டத்தில் 10. இரண்டாவதில் பென்சில் நின்றது. “பூனைன்னா... 20-தான் இருக்கும். அது எதுக்குக் கூட்டப் போவுது?” ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு அவனே கீபோர்டை இழுத்துப் ‘பூனை = பூனை + நம்பர்’ என்று அடித்தான். மேலே போய் ஆரம்பத்தில் பூனைக்குப் பூஜ்யம் வைத்திருக்கிறோமா என்றும் பார்த்துக்கொண்டான். அதை நான் சொல்லவே இல்லை.

ஒரே ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் போனது. பின் வரிசையில் நாலு கை தூக்கியே இருந்தது.

ஜூலை 6, அதே இரவு

ஏன் பூனை, நாய் கூடாதா என்று கேட்கிறார்கள். நாய் சொன்னதைக் கேட்கும் என்று பிள்ளைகள் நம்பிவிடும். பூனைதான் சரி.

ஜூலை 9

பின் வரிசையில் தூக்கியிருந்த நாலு கைக்குப் பதில் சொல்லச் சொல்கிறார் ஒருவர். நியாயம். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் என்றால் முப்பது பேருக்கு எங்கே போவது?

கை தூக்குகிறவர்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. டேவிட் பெர்கின்ஸ் குழு 1986-லேயே இதைக் கவனித்திருக்கிறது. சிலர் முட்டியதும் அப்படியே நின்றுவிடுவார்கள். சிலர் நிற்காமல் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்த்தால் சுறுசுறுப்பாகத் தெரியும். ‘சின்னது’ குறியைப் ‘பெரியது’ ஆக்குவார்கள், ரன். ஒன்றைக் கழிப்பார்கள், ரன். எங்கேயோ ஒரு தடவை விடை பொருந்திவிடும், அதோடு சேவ் செய்து மூடிவிடுவார்கள். அவர்களுக்கு உதவி வேண்டாம், பிரேக் வேண்டும். ரன் அடிக்கும் முன் என்ன வரும் என்று ஒரு வரி பேப்பரில் எழுதினால்தான் ரன் அடிக்கலாம் என்று வைத்தேன். முணுமுணுத்தார்கள். கை தூக்குவது குறைந்தது. எழுதும்போதே பாதிப் பேருக்குத் தப்பு தெரிந்துவிடுகிறது.

நின்றுவிடுகிறவர்களுக்கு இது உதவாது. அவர்களுக்குச் சிவப்பு எழுத்தைக் கண்டாலே கண் இருட்டுகிறது. எரர் வந்தால் அதைப் படிப்பதே இல்லை. “என்ன எழுதியிருக்கு?” என்றால் “எரர்னு எழுதியிருக்கு மேடம்”. நாங்கள் எடுக்கும் மொழி பைத்தான். அதில் எரரைக் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கவேண்டும் என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன்: கடைசி வரி என்ன நடந்தது என்கிறது, அதற்கு மேல் எங்கே நடந்தது என்கிறது. இத்தனை எளிய விஷயத்தை ஏன் ஒரு பாடமாக வைப்பதில்லை?

2021-ல் வந்த 3.10 வெர்ஷனுக்குப் பிறகு பைத்தானும் திருந்தியிருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். முன்பு அடைப்புக்குறியை மூட மறந்தால் அடுத்த வரியைக் காட்டித் தப்பு என்னும். பிள்ளை அப்பாவியான அந்த வரியைப் போட்டுப் புரட்டி எடுக்கும். இப்போது, திறந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று இடத்தைச் சரியாகக் காட்டிச் சொல்கிறது. லேபில் பழைய வெர்ஷன் கிடந்தால் முதலில் அதை மாற்றுங்கள். எக்ஸ்ட்ரா கிளாஸ் எல்லாம் அப்புறம்.

ஜூலை 13

6-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ரொம்பத்தான் ஜெயித்தமாதிரி எழுதியிருக்கிறேன். மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி கேட்கும் வித்தையை அடுத்த வாரமே ஒரு பெண்ணிடம் காட்டினேன். “இந்த வரி என்ன செய்யும்?” பதில் இல்லை. “சரி, இதுக்கு முந்தின வரி?” இல்லை. பக்கத்து ஸீட்டுக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் விடவில்லை, காத்திருப்பதுதான் நல்ல கற்பித்தல் என்று எங்கோ படித்த ஞானம். அவள் காதோரம் சிவந்து கண் நிறைந்தது. அடுத்த இரண்டு லேபுக்கு வரவில்லை.

அவளுக்கு இருந்த சிக்கல் ஒரு கோலன். ‘இஃப்’ வரியின் கடைசியில் இரண்டு புள்ளி விட்டுப்போயிருந்தது. நாற்பது நிமிஷம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் கை தூக்கியிருக்கிறாள். அதில் கண்டுபிடித்து மகிழ என்ன இருக்கிறது? கோலன் வைக்கவேண்டும் என்பது யாரோ ஒருவர் வைத்த விதி, சொன்னால்தான் தெரியும். மிஷின் எப்படி நடக்கிறது என்பதைத்தான் அவர்களே கண்டுபிடிக்கவேண்டும். விதியைக் கேட்டால் சட்டென்று சொல்லிவிடு, நடப்பைக் கேட்டால் தாளை எடு. இந்தப் பிரிவினை எனக்குப் புரிய ஒரு பிள்ளை இரண்டு வாரம் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் நின்றுகொண்டு பேசுவதில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டே திரிகிறேன். பக்கத்தில் உட்கார்ந்தால் கேள்வி விசாரணையாகத் தெரிவதில்லை. ஸ்டூல் கிறீச்சிடும் சத்தம் கேட்டதும் சிலர் திரையை மாற்றுகிறார்கள், அதுவும் ஒரு பயன்.

ஜூலை 20

சமக்குறி பற்றி நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். பூனை எப்படித் தன்னையும் நம்பரையும் கூட்டியதற்குச் சமமாகும், கணக்கு வாத்தியார் அடிப்பாரே என்று. அடிக்கத்தான் வேண்டும். 1957-ல் ஃபோர்ட்ரான் என்ற மொழி இந்தக் குறியை எடுத்துக்கொண்டது, நம் பிள்ளைகள் இன்னும் வட்டி கட்டுகிறார்கள். பாஸ்கல் என்ற மொழி குறிக்கு முன்னால் ஒரு கோலன் சேர்த்து வித்தியாசம் காட்டிப் பார்த்தது, அந்த வழக்கம் பெரிதாகப் பரவவில்லை.

நான் வகுப்பில் ‘சமம்’ என்ற சொல்லையே தடை செய்துவிட்டேன். வாசிக்கும்போது தமிழில் வாசிக்கச் சொல்கிறேன்: “பூனையில் இருப்பதோடு நம்பரைக் கூட்டிப் பூனையில் வை.” பாருங்கள், வலப்பக்கம் முதலில், வினை கடைசியில். மிஷின் செய்யும் வரிசையும் அதுதான். ஆங்கிலத்தில் வாசித்தால் இந்த வரிசை கிடைப்பதில்லை. தமிழ் தெரிந்ததால் கிடைத்த லாபம் என்று இதை ஒரு தடவை பெருமையடித்தபோது ஒரு மாணவன், “அப்ப ஏன் மேடம் புரோகிராமை இங்கிலீஷ்ல எழுதறோம்?” என்றான்.

ஜூலை 21

அவனுக்காகத் தேடியதில் பக்கம் திசை மாறுகிறது, மன்னிக்கவும். பைத்தான் 3-ல் டோட்டல், பூனை மாதிரியான வேரியபிள் பெயரைத் தமிழில் வைக்கலாம், ஓடும். இஃப், ஃபார் மாதிரிக் கட்டளைச் சொல் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கும். முழுக்கத் தமிழில் வேண்டுமென்றால் எழில் என்று ஒரு மொழி இருக்கிறது, முத்து அண்ணாமலை உருவாக்கியது. அதில் நிபந்தனையை முதலில் எழுதி அதன்பின் ‘ஆனால்’ போடவேண்டும். ‘இப்படி ஆனால், இதைச் செய்’ என்று நாம் பேசுகிற அதே வரிசை.

எனக்கு அதில் பிடித்துப்போனது வேறு. திரையில் காட்டும் பிரிண்டுக்கு அங்கே ‘பதிப்பி’, விடையைக் கேட்ட இடத்துக்கே தரும் ரிட்டர்னுக்குப் ‘பின்கொடு’. ஒவ்வொரு வருஷமும் என் உயிரை வாங்குவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான். ஃபங்ஷன் என்கிற துண்டுப் புரோகிராமுக்குள் விடையைத் திரையில் காட்டிவிட்டு, “அதான் வந்துடுச்சே மேடம்” என்பார்கள். அதை இன்னொரு இடத்தில் எடுத்துக் கூட்டப் போனால் ‘நன்’ (None), அதாவது ஒன்றுமே இல்லை என்று வந்து நிற்கும். ‘பின்கொடு’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, “கேட்டவன் கையில கொடுத்தியா, இல்ல ஊருக்கெல்லாம் கத்திச் சொன்னியா?” என்று கேட்டேன். அந்த வாரம் குழப்பம் கொஞ்சம் குறைந்தது. எழிலையே பாடமாக வைக்கலாமா என்றால் தெளிவில்லாமல் இருக்கிறேன். பிறகு வேறு மொழிக்குப் போகும்போது இன்னொரு படி ஏறவேண்டும். சொற்களை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூலை 29

வெற்றுத் திரை பயம் பற்றி. முதல் வரியை எப்படித் தொடங்குவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சீட்டு விளையாட்டு நல்லது. 2006-ல் டேல் பார்சன்ஸ், பட்ரீஷியா ஹேடன் என்ற இருவர் நியூசிலாந்தில் தொடங்கியது: சரியான புரோகிராமை வரி வரியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்வது. அவர்கள் கணினியில் செய்தார்கள், நான் கத்தரியும் தாளும் வைத்துச் செய்கிறேன். உள்ளே தள்ளி வைக்கவேண்டிய வரியை மேஜையில் நிஜமாகவே தள்ளி வைக்கிறார்கள். லூப்புக்கு உள்ளே எது, வெளியே எது என்று சண்டை வருகிறது. அந்தச் சண்டைக்காகத்தான் இவ்வளவும்.

எடுத்த எடுப்பில் நேர்ந்த கூத்து: ஃபேனைப் போட்டார்கள், எட்டு குழுவின் சீட்டும் பறந்து ஒன்றோடொன்று கலந்தது. பொறுக்கிப் பிரிக்கவே அரைமணி. ஒரு குழு தங்களுடைய சீட்டு ஒன்று பீரோவுக்கு அடியில் போய்விட்டதைக் கவனிக்காமலே அடுக்கி முடித்து, சரியாகவும் அடுக்கியிருந்தது. குழப்புவதற்கென்றே நான் சேர்த்த, தேவையில்லாத போலிச் சீட்டு அது. இதற்கு எப்படி மார்க் போடுவது என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 10

“இத்தனையும் எதற்கு, அவர்கள் எல்லாரும் ஏஐ-யிடம் கேட்டுக்கொள்கிறார்கள்” என்று ஒரு பதில். தெரியும். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு அசைன்மென்டில் தப்பே இல்லை. தப்பில்லாத அசைன்மென்டைத் திருத்துவதுபோல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை.

கோபப்பட எனக்கு வாய் இல்லை. கீபோர்டை இழுத்து நாலு தட்டு தட்டி “புரிஞ்சுதா” என்று கேட்டது நான்தானே? அதே வேலையை அது அலுக்காமல் செய்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கும் செய்கிறது. ஸ்டூல் கிறீச்சிடாது என்பது கூடுதல் வசதி.

நான் செய்துபார்த்தது: அசைன்மென்டை எப்படி வேண்டுமானாலும் செய்துகொண்டு வா, என் முன்னால் உட்கார்ந்து மூன்று நிமிஷத்தில் ஒரு வரியை மாற்று. “99999-க்குப் பதிலா எந்த மைனஸ் எண் வந்தாலும் நிக்கணும்.” ஏஐ எழுதியதாக இருந்தாலும் புரிந்தவள் மாற்றிவிடுகிறாள், தானே எழுதியும் மனப்பாடமாக எழுதியவன் மாட்டிக்கொள்கிறான். எதிர்பார்க்காதது இந்த இரண்டாவது ஆள்தான்.

ஆகஸ்ட் 11

முப்பது பேருக்கு மூன்று நிமிஷம் என்று நேற்றுப் பெருமையாக எழுதினேன். கணக்குப் போட்டால் ஒன்றரை மணி நேரம், ஆள் மாறும் நேரம் தனி. லேப் முழுக்க அதிலேயே போய்விட்டது. இனி வாரம் பத்துப் பேர், யார் என்பது சீட்டுக் குலுக்கி.

ஆகஸ்ட் 24

பூனையால் வந்த வினை. வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. இந்த வாரம் வந்த அசைன்மென்டுகளில் பூனை, பூனை2, குட்டிப்பூனை, ஒன்றில் பூனைவால். படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. ‘மிஷின் பெயரைப் பார்ப்பதில்லை’ என்று நான் சொன்னதை ‘பெயர் முக்கியமில்லை’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் தப்பு. மிஷின் பார்க்காது, மனுஷி பார்ப்பாள், மார்க் போடுகிறவள் அவள்தான் என்று இன்னொரு வகுப்பு எடுக்கவேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 31

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். “எல்லாம் சரி, மூன்றாவது வாரத்தில் உங்களுக்குத் தெரியவே இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள்” என்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது என் பழக்கம். தேறாது என்று அர்த்தம். இந்த வருஷமும் மூன்றாவது வாரமே வைத்துவிட்டேன், இவ்வளவு படித்துவிட்டும். பூனைக்காரன் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி இருக்கிறது. கோலன் விட்ட பெண்ணுக்கு இல்லை, அவள் தேறுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். திரும்ப வந்துவிட்டாள், ஆனால் இன்னும் கை தூக்குவதில்லை. ஸ்டூலை அந்தப் பக்கம் தற்செயலாக இழுத்துக்கொண்டு போவதுபோலப் போகிறேன்.

பூனைக்காரன் நேற்று லேப் முடிகிற நேரத்தில் கூப்பிட்டான். அதே சராசரிக் கணக்கு, மூன்று நிமிஷத்துக்காகத் தயார் செய்துகொண்டிருந்தான். இப்போது டோட்டல், கவுன்ட் என்று ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தான். “மேடம், முதல்லயே ஒருத்தன் 99999 அடிச்சுட்டா?”

“அடிச்சுட்டா?”

“கவுன்ட் ஜீரோ. ஜீரோவால வகுக்கும். ஆனா எரர் வரணுமா, இல்ல நாமளே ஏதாச்சும் சொல்லணுமா? ஒரு நம்பரும் இல்லன்னா சராசரி என்ன மேடம்?”

பெல் அடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அவனுக்கு என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.